பழி தீர்க்க வரும் ஏழு வயதுச் சிறுமி: மரியோ பாவாவின் 'கில், பேபி... கில்!'

பாழடைந்த மாளிகை, கல்லறை, சாபம் என்று விரியும் இத்தாலிய கோதிக் வகைப் பேய்ப்படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் படம், மரியோ பாவா இயக்கி 1966இல் வெளிவந்த 'ஓபராத்ஸியோனே பௌரா'. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'கில், பேபி... கில்!' என்ற, படத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தலைப்பில்தான் இது பரவலாக அறியப்படுகிறது. அமெரிக்காவில் 'கர்ஸ் ஆஃப் த லிவிங் டெட்' என்று இன்னொரு பெயரும் சூட்டினார்கள். தலைப்பைப் பார்த்து மூன்றாந்தரப் படம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. பிணங்கள் எழுந்து நடக்கும் என்று எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்களும் உண்டு. இரண்டு தலைப்புகளையும் மறந்துவிட்டுப் பார்ப்பவருக்குக் கிடைப்பது, ஒரு குழந்தையின் சாவுக்கு ஓர் ஊரே உயிர்ப்பலி கொடுக்கும் கதை.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கதையில் சாரமே இல்லை, கதாநாயகன் கட்டை போல நிற்கிறார், படம் நகரவே மாட்டேன் என்கிறது என்பவர்கள் ஒரு பக்கம். கதை கிடக்கட்டும், இவ்வளவு அழகான பேய்ப்படத்தை வேறெங்கே காட்ட முடியும் என்பவர்கள் மறு பக்கம். இரு தரப்பாரும் கதையையும் காட்சியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. இந்தப் படத்தில் கதையைச் சொல்லும் வேலையை வசனத்திடமிருந்து வாங்கி ஒளியிடமும் வெளியிடமும் கொடுத்திருக்கிறார் பாவா. அதைக் கவனிக்காமல் பார்ப்பவருக்குக் கதை மெலிந்துதான் தெரியும்.

கதைச் சுருக்கம் இது. முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த பத்தியையும், பின்னால் ரூத் என்ற பாத்திரத்தைப் பற்றி வரும் பத்தியையும் தாண்டிவிடலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலைப்பகுதியில் உள்ள ஒரு கிராமத்துக்குப் பிரேதப் பரிசோதனை செய்வதற்காக டாக்டர் பால் எஸ்வாய் வருகிறார். வண்டிக்காரர் ஊர் எல்லையிலேயே அவரை இறக்கிவிட்டுவிட்டு உள்ளே வர மறுக்கிறார். இறந்துபோன பெண்ணின் இதயத்துக்குள் ஒரு வெள்ளிக்காசு இருக்கிறது. அதை அங்கே வைத்தவள் ரூத் என்ற மந்திரக்காரி. இறந்தவரின் ஆன்மா மெலிஸா கிராப்ஸ் என்ற சிறுமியின் ஆவியிடம் சிக்காமல் அமைதி பெறுவதற்காகச் செய்யப்படும் காப்பு அது. மெலிஸாவுக்கு ஏழு வயது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஊர்த் திருவிழாவின்போது, குடிபோதையில் இருந்த கூட்டம் கண்டுகொள்ளாமல் விட்டதால் உதிரம் கொட்டி இறந்துபோனவள். இப்போது அவளை யார் கண்ணால் பார்த்தாலும் அவர்கள் தங்கள் கையாலேயே தங்களை மாய்த்துக்கொள்கிறார்கள்.

பழிவாங்கும் பேய்களைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேய் வந்து கழுத்தை நெரிக்கும், தூக்கி எறியும். மெலிஸா யாரையும் தொடுவதே இல்லை. வெள்ளை உடையில், கையில் பந்தோடு வருகிறாள், பார்க்கிறாள், சில சமயம் சிரிக்கிறாள். மீதி வேலையைப் பார்க்கப்பட்டவர்களின் குற்றவுணர்வே செய்துவிடுகிறது. கடைசியில் தெரியவரும் உண்மை இதைவிடக் கசப்பானது. இறந்த குழந்தை அமைதியாக உறங்கியிருக்கக் கூடும். அவளை மீண்டும் மீண்டும் எழுப்பி ஊர்மீது ஏவுகிறவள், மாளிகைக்குள் தனியே வாடும் தாய், சீமாட்டி கிராப்ஸ். பழி தாயுடையது, அதைச் சுமந்து அலைவது பிள்ளை. இந்த இடத்தைத்தான் 'கதை இல்லை' என்று சொல்பவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மெலிஸாவைப் பார்த்து நமக்கு அச்சத்தோடு இரக்கமும் வருவதற்கு இதுவே காரணம்.

மெலிஸாவாக நடித்தது ஒரு சிறுமி அல்ல, வலேரியோ வலேரி என்ற சிறுவன். இதை அறியாமல் பார்த்தவர்களும், அந்தக் குழந்தையின் முகத்தில் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நீண்ட பொன்னிறப் பொய்முடிக்குள் இருக்கும் அந்த முகத்தின் கடினத்தை வசனம் எதனாலும் உண்டாக்கியிருக்க முடியாது. விடுதிக்காரரின் மகள் நாடியென் இருக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடியில் முதலில் ஒரு சிறு கை பதிகிறது. பிறகு முகம் கண்ணாடியை ஒட்டி வந்து நிற்கிறது. இசையால் திடுக்கிட வைக்காமல், நாம் அந்த முகத்தை நன்றாகப் பார்க்கும் அளவுக்கு நேரம் கொடுக்கிறார் பாவா.

அதைவிடத் துணிச்சலானது ஊஞ்சல் காட்சி. கல்லறைத் தோட்டத்தின்மீது கேமரா முன்னும் பின்னுமாக ஆடுகிறது. ஏன் ஆடுகிறது என்று புரியாமல் ஒருவிதத் தலைச்சுற்றலோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கும் குழந்தை சட்டகத்துக்குள் வருகிறாள். அவ்வளவு நேரம் நாம் பேயின் இடத்தில் உட்கார்ந்து பேயின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

பார்வையாளர்கள் ஒருமனதாகப் பாராட்டும் காட்சி ஒன்று உண்டென்றால் அது மாளிகைக்குள் நடக்கும் துரத்தல். பிரேதப் பரிசோதனையில் உடனிருந்த மருத்துவ மாணவி மோனிகாவின் அலறலைக் கேட்டு எஸ்வாய் ஓர் அறையைக் கடந்து கதவைத் திறக்கிறார். அடுத்ததும் அதே அறை. மறுபடியும் ஓடுகிறார், மறுபடியும் அதே அறை, அதே ஓவியம். முன்னால் ஓர் ஆள் ஓடுவது தெரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைகிறது. கடைசியில் எட்டிப் பிடித்துத் திருப்பினால், அது அவரேதான். ஒரே ஓர் அறை, ஒரே ஒரு நடிகர், படத்தொகுப்பு ஆகிய மூன்றைக் கொண்டு செய்த வேலை இது. அறிவியலை நம்பி ஊராரின் நம்பிக்கைகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளிய மனிதர் தன்னையே துரத்திக்கொண்டு நிற்பதைக் காட்டும்போது, அவருடைய நம்பிக்கை இற்றுப்போவதை விளக்க வசனம் தேவைப்படவில்லை.

நிறங்களைப் பற்றிய புகாருக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். நள்ளிரவில் பச்சை ஒளி எங்கிருந்து வருகிறது, தெருச் சந்தில் நீலமும் மஞ்சளும் எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சான்ரெமோவில் 1914இல் பிறந்த பாவா, ஓவியம் பயின்று, தந்தை எயுஜெனியோ பாவாவைப் போலவே ஒளிப்பதிவாளராக நீண்ட காலம் உழைத்த பிறகுதான் இயக்கத்துக்கு வந்தார். இந்தப் படத்துக்கு அந்தோனியோ ரினால்டி ஒளிப்பதிவு செய்தார் என்றாலும், ஒளியமைப்பில் இருப்பது பாவாவின் கை. ஒளியின் மூலத்தைக் காட்டி நம்பவைப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. மேலிருந்து பார்க்கும் கோணத்தில், நத்தை ஓடு போலச் சுருண்டு இறங்கும் படிக்கட்டில் பச்சையும் செம்மஞ்சளும் மாறி மாறி விழும்போது, கால் வைக்கும் இடம் நிலையானதல்ல என்ற உணர்வு நமக்கே வந்துவிடுகிறது. வெளிப்புறக் காட்சிகளை ரோமுக்கு வடக்கே பாறைமேல் நிற்கும் கல்காத்தா என்ற இடைக்கால ஊரில் எடுத்தார்கள். அந்த ஊரின் உண்மையான சுவர்களும் வளைவுகளும் இருப்பதால்தான் இத்தனை செயற்கை ஒளியும் பொய்யாகத் தோன்றாமல் நிலைக்கிறது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஜாக்கோமோ ரோஸ்ஸி ஸ்டூவர்ட்டின் எஸ்வாய், விறைப்பான நடிப்பால் பல இடங்களில் நம்மைத் தள்ளியே நிறுத்துகிறார். மோனிகாவாக வரும் எரிக்கா பிளாங்குக்கு அஞ்சுவதையும் அலறுவதையும் தவிர அதிக வேலை இல்லை. மோனிகாவின் பிறப்பைப் பற்றிய இரகசியம் கடைசிக் கட்டத்தில் அவசரமாக, சீமாட்டியின் வாயாலேயே கொட்டப்படுகிறது. அதுவரை பார்வையாலேயே சொல்லி வந்த படம் திடீரென்று பேச ஆரம்பிப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. கார்லோ ருஸ்திக்கெல்லியின் பெயரில் வரும் இசையில் வேறு படங்களுக்காக எழுதப்பட்ட பகுதிகளும் கலந்திருப்பதால், சில காட்சிகளில் இசையின் மனநிலையும் காட்சியின் மனநிலையும் ஒட்டவில்லை.

ஆனால் ஃபாபியென் டாலியின் ரூத்தை அந்தக் குறைப்பட்டியலில் சேர்க்க மாட்டேன். கருங்கூந்தலும் நிமிர்ந்த நடையுமாக வரும் அவள், டாக்டரைவிட அந்த ஊரின் நோயை நன்றாக அறிந்தவள். அவள் செய்யும் சிகிச்சை கொடூரமாகத் தெரிகிறது. அதைத் தடுத்து நிறுத்தும் டாக்டரின் நல்லெண்ணமோ நாடியெனைக் காப்பாற்றவில்லை. இறுதியில் சீமாட்டியை எதிர்கொண்டு, உயிரைக் கொடுத்துச் சாபத்தை முடிப்பவளும் ரூத்தான். மந்திரக்காரியைத் தீயவளாகவே காட்டிப் பழகிய ஒரு வகைப் படத்தில் இது எவ்வளவு அரிதானது என்பதைப் பார்வையாளர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

படப்பிடிப்பின் நடுவே பணம் தீர்ந்துபோக, நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஊதியத்தை எதிர்பாராமல் படத்தை முடித்துக் கொடுத்த கதை பலமுறை பேசப்பட்டது. திரையில் அந்த வறுமை தெரியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1968இல், இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினி தன்னுடைய 'டோபி டாமிட்' குறும்படத்தில் வெள்ளை உடையும் பந்துமாக ஒரு சிறுமியைச் சாத்தானாக நிறுத்தினார். மெலிஸாவைப் பார்த்த எவருக்கும் அவள் எங்கிருந்து வந்தாள் என்று சொல்ல வேண்டியிருக்காது.

எந்தப் பிரதியில் பார்ப்பது என்பது இந்தப் படத்தின் விஷயத்தில் மிகவும் முக்கியம். படம் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர், நிறம் வெளுத்து, ஓரம் வெட்டப்பட்டு, தேய்ந்துபோன பழைய பிரதிகளில் பார்த்தவர்கள். பச்சையும் செம்மஞ்சளும் ஒரே பழுப்பாகிப்போன பிரதியில் இதைப் பார்ப்பது பாதிப் படத்தைப் பார்ப்பதற்குச் சமம். 2017இல் பிரிட்டனில் ஆரோ வீடியோவும் அமெரிக்காவில் கினோ லார்பரும் வெளியிட்ட ப்ளூ-ரேக்களில் இருண்ட மூலைகளில்கூட நிறம் தெளிவாக நிற்கிறது. இரண்டிலும் பாவாவின் வரலாற்றை எழுதிய டிம் லூக்காஸின் விளக்கவுரை உண்டு. இத்தாலிய ஒலியும் ஆங்கில டப்பிங்கும் இரண்டிலுமே கிடைக்கின்றன. டப்பிங் குரல்கள் எஸ்வாயின் விறைப்பை இன்னும் கூட்டிவிடுவதால், இத்தாலிய ஒலியை வைத்து, வசன வரிகளோடு, அறை விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.