ஆறாவது லேனில் நான்கு ஆண்டுகள்

"பையனை நீச்சல் கிளப்பில் சேர்க்கலாமா, அக்கா?" என்று அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் தோழி கேட்டாள். அவள் கேட்டது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாள் மாலைதான் என் மகள் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளையைப் போல நீந்தும் முறை) தகுதி நீக்கம் செய்யப்பட்டு, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஸ்கூட்டரில் என் முதுகில் முகத்தைப் புதைத்தபடி வீடு வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் நிதானமாகப் பதில் சொல்லியிருப்பேன். அன்று "வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. காரணம் சொல்லாமல் ஒருவரின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவது நியாயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீச்சல் கற்றுக்கொடுப்பது வேறு, போட்டிக்குத் தயார்செய்யும் கிளப்பில் சேர்ப்பது வேறு. முன்னதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. கிணறும் ஏரியும் கடலும் சூழ்ந்த ஊரில் எந்தப் பிள்ளையும் நீந்தத் தெரியாமல் வளரக் கூடாது. நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. வாரத்துக்கு ஆறு நாள், விடியற்காலை ஐந்து மணி முதல் ஆறரை வரை, ஸ்டாப்வாட்சோடு ஒருவர் கரையில் நிற்கும் இடத்தைப் பற்றி.

கட்டணம், நீச்சலுடை, கண்ணாடி, நாலு இருபதுக்கு அலாரம், ஊர் உறங்கும்போது சாலையில் நாங்கள் இருவர் மட்டும். இவை எல்லாம் சேரும்போதே தெரிந்தவை. அவற்றில் எனக்குக் குறை இல்லை. குளோரின் தண்ணீர் முடியை வறட்டும் என்று பயமுறுத்துவார்கள். தேங்காயெண்ணெய் தடவி, தொப்பி போட்டு, வெளியே வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசினால் சமாளிக்கலாம். மூக்கைத் துளைக்கும் அந்தக் 'குளோரின் வாடை'கூடக் குளோரின் கூடிப்போனதால் வருவதல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு வினைபுரிந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. எங்கள் கிளப்பில் குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும். யார் பிள்ளையாக இருந்தாலும் விட மாட்டார்கள். நான்கு ஆண்டுகளில் என் மகளுக்குக் காதுவலியோ தோல் தொல்லையோ வந்ததில்லை. அதற்காக அவர்களுக்கு மனமார நன்றி சொல்வேன்.

என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். ஆறாவது லேனை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் குளம் 25 மீட்டர், நீளவாக்கில் கயிறு கட்டிப் பிரித்த ஆறு லேன். வேகத்தை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். முதல் இரண்டு லேன்களில் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கும் பிள்ளைகள், லேனுக்கு நாலைந்து பேர். தலைமைப் பயிற்சியாளர் அங்கேதான் இருப்பார். அவர்கள் நீந்தும்போது கரையோடு கூடவே நடப்பார். சுவருக்கு வந்ததும் குனிந்து ஒரு வார்த்தை சொல்வார். ஐந்தாவதையும் ஆறாவதையும் உதவிப் பயிற்சியாளர் ஒருவரே கவனிக்கிறார். ஆறாவதில் மட்டும் ஒன்பது பேர். பாவம், அந்த இளைஞர் என்ன செய்வார்? அடுத்து எதை எத்தனை முறை நீந்த வேண்டும் என்ற செட்டைச் சொல்லவும், கண்ணாடி கழன்றவளுக்கு மாட்டிவிடவும், கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவனை விரட்டவுமே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. கட்டணம் மட்டும் எல்லா லேனுக்கும் ஒன்று.

வேகம் குறைந்த பிள்ளைக்கு அந்த லேன்தானே என்று கேட்பீர்கள். வேகம் ஏன் குறைவு என்பதையும் பாருங்கள். என் மகள் பிறந்தது டிசம்பர் 27. நீச்சல் போட்டிகளில் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று முடிந்திருக்கும் வயதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அதே ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த குழந்தையும் இவளும் போட்டிக் கணக்கில் ஒரே வயது. வளரும் வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் என்பது சின்ன வித்தியாசமா? உயரம் வேறு, கைநீளம் வேறு, தோளின் அகலம் வேறு. எல்லாவற்றிலும் இவள் குறைந்து நிற்கிறாள். வேகம் குறைவு என்பதால் கடைசி லேன். கடைசி லேன் என்பதால் கவனிப்பு குறைவு. கவனிப்பு குறைவதால் வேகம் கூடுவதில்லை. "இவளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஒரு குழந்தையை எடைபோடுகிறவர்கள் முதலில் அவளுடைய பிறந்த தேதியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் ஒரு விதி உண்டு. திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை மேலேயும் மற்றது கீழேயும் இருக்கலாம், ஆனால் ஒன்று முந்தி ஒன்று பிந்தித் தொடக் கூடாது. ஃபிரீஸ்டைலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உடலின் எந்தப் பகுதி சுவரைத் தொட்டாலும் போதும்.

போட்டி நடந்தது 50 மீட்டர் குளத்தில். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகத்தில் முதன்முதலாக இவளை இறக்கிய அன்று, "எதிர்ச்சுவரே தெரியவில்லையே, அம்மா" என்றாள். சின்னக் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று திருப்பம் வரும். பெரிய குளத்தில் ஒன்றே ஒன்று. சுவரை உதைத்து மூச்சு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அவ்வளவுதான். லேன் ஒதுக்குவதும் பதிவு நேரத்தை, அதாவது பெயர் கொடுக்கும்போது படிவத்தில் எழுதும் முந்தைய நேரத்தை வைத்துத்தான். எட்டு லேன் குளத்தில் ஒரு ஹீட்டின், அதாவது ஒரே சுற்றில் சேர்ந்து நீந்தும் குழுவின், வேகமான பிள்ளைக்கு நான்காவது லேன், அடுத்து ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, ஒன்று, கடைசியாக எட்டு. 1:36.8 என்ற பதிவு நேரத்தோடு போன என் மகளுக்குக் கிடைத்தது எட்டு.

காலை ஏழு மணிக்குப் போனோம். அவளுடைய ஹீட் வந்தபோது மணி மூன்றரை தாண்டிவிட்டது. ஒன்றரை நிமிட நீச்சலுக்காக எட்டரை மணி நேரம் தயிர்சாதத்தோடும் வாழைப்பழத்தோடும் காத்திருந்தாள். குதித்தாள். முதல் ஐம்பதில் அவள் நீந்தியதைப் போல நான் அதுவரை பார்த்ததில்லை. ஏழாவது லேன் பிள்ளையைத் தாண்டிவிட்டாள். சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அந்த நொடியில் அங்கே நின்ற நடுவர் கையை உயர்த்தினார்.

நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் இன்னும் ஐம்பது மீட்டர் இருந்தது. கணக்கில் சேராத அந்த ஐம்பது மீட்டரையும் அவள் ஒரு குறையும் வைக்காமல் நீந்தினாள். முடித்துவிட்டுத் தலையை உயர்த்தி என்னைத் தேடினாள். என் கைபேசியில் 1:33.9. வாழ்நாளில் அவளுடைய சிறந்த நேரம் அது. அவளுடைய சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, ஒலிபெருக்கி சொல்லும்வரை நான் அங்கே நின்றது போல இன்னொரு முறை நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

நடுவர் செய்தது முற்றிலும் சரி. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வலது கை தொட்டு, உடல் திரும்பத் தொடங்கிய பிறகுதான் இடது கை வருகிறது. பிறகு பழைய போட்டி வீடியோக்களை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையதிலும் அதே வலது கை முந்துகிறது. அப்போதெல்லாம் நடுவர் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறாள். பயிற்சி நேரத்தில் பெற்றோர் குளக்கரைக்குப் போகக் கூடாது என்பது விதி. ஆனால் வீடியோக்கள் என் கையில்தான் இருந்தன. கடைசியில் வரும் நேரத்தை மட்டும் பார்த்தேனே தவிர, நானும் அவள் கைகளைப் பார்க்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மகளையே கேட்டேன். உடனே சொன்னாள்: "பின்னால் வருகிறவள் காலில் இடிப்பாள், அம்மா. ஒரு கையால் தொட்டுச் சட்டென்று ஓரமாகப் போய்விட வேண்டும். இரண்டு கை வைக்க இடம் இருக்காது." ஒன்பது பேர் ஐந்து ஐந்து நொடி இடைவெளியில், ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும் லேன் அது. சுவரருகே எப்போதும் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அவளைத் தகுதி நீக்கிய பழக்கத்தை ஆறாவது லேனின் நெரிசல்தான் அவளுக்குள் ஊட்டியிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது இங்கேதான்.

தலைமைப் பயிற்சியாளருக்குத் திறமை இல்லை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். சென்ற கோடையில் முன் லேன் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போயிருந்த ஒரு நாள், அவர் ஆறாவது லேன் பக்கம் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். இவளைக் கரையில் உட்காரவைத்து, உதைக்கும்போது பாதத்தை வெளிப்பக்கமாக எப்படித் திருப்ப வேண்டும் என்று தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். பாதத்தின் உட்பக்கம் தண்ணீரைப் பிடித்துத் தள்ள வேண்டும், பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் உந்துதலில் பெரும்பங்கு காலிலிருந்துதான் வருகிறது என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் நான்கு நொடி குறைந்தது. பத்து நிமிடத்துக்கு நான்கு நொடி! அவர் கண்ணின் மதிப்பு எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவரிடமே போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். "போட்டியில் ஒருமுறை இப்படி நடந்தால்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள், மேடம்" என்றார். சொல்லித்தராத பாடத்தைத் தண்டனையால் சொல்லித்தருவதா என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் நிலையும் எனக்குப் புரியாமல் இல்லை. பதக்கம் வந்தால்தான் கிளப்புக்குப் பெயர், பெயர் இருந்தால்தான் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அப்படி வருகிறவர்கள் நேரே ஆறாவது லேனில்தான் வந்து சேர்கிறார்கள். ஆக, அந்தக் குளத்துக்குச் சம்பளம் கொடுக்கும் லேன் அது. அதற்கு இன்னொரு பயிற்சியாளரைப் போடுவது கருணை அல்ல, கடமை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்: இந்த நான்கு ஆண்டுகளில் என் மகளுக்கு நடந்த மிக நல்ல காரியமும் அதே ஆறாவது லேனில்தான் நடந்தது.

குளத்தின் தலைமாட்டில் பெரிய பேஸ் கிளாக் ஒன்று இருக்கிறது, நீந்துகிறவர்கள் பார்க்க நொடி முள் சுற்றும் கடிகாரம். கவனிக்க ஆள் இல்லாத லேன் அந்தக் கடிகாரத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு 100 மீட்டர், எட்டு முறை என்று சொல்லிவிட்டு உதவிப் பயிற்சியாளர் அடுத்த லேனுக்குப் போய்விடுவார். முள் 15-ல் இருக்கும்போது கிளம்பியவள் அடுத்த சுற்றில் 58-ல் வந்து தொட்டால் 1:43, ஓய்வு பதினேழு நொடி. இதை மூச்சிரைக்க, கண்ணாடிக்குள் தண்ணீரோடு, ஏழு வயதிலிருந்து கணக்கிட்டு வருகிறாள். அவள் எத்தனை முறை நீந்தினாள் என்று யாரும் எண்ணுவதில்லை. அதனால் அவளே எண்ணுகிறாள். எட்டு என்றால் எட்டு, ஏழில் நின்று ஏமாற்றியதில்லை. எந்தப் பள்ளியிலும் இந்த நேர்மையை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

தகுதி நீக்கத்துக்குப் பிறகு அந்த லேன் பெண்கள் தாங்களே ஒரு முடிவெடுத்தார்கள். என் மகள் வீட்டில் நடையில் போகும்போதும் வரும்போதும் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து 'டப்' என்று தட்டிக்கொண்டிருந்தாள். பூஜை அறைக்கு வெளியே சுண்ணாம்புச் சுவரில் பத்து விரல்களின் அழுக்கு இன்னும் இருக்கிறது, நான் துடைக்கவில்லை. அதைக் குளத்திலும் செய்துபார்க்க ஆசைப்பட்டாள். சனிக்கிழமைகளில் கடைசிப் பதினைந்து நிமிடம், ஐந்து பேர் மட்டும் நீந்துவது, நான்கு பேர் கரையேறிச் சுவரருகே குந்தி, ஒவ்வொருத்தியின் கைகளையும் பார்த்து "சரி", "வலது முந்தியது" என்று சொல்வது. பிறகு மாற்றிக்கொள்வது. உதவிப் பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டார்கள். அவர் தலையசைத்தார். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு அதே பழக்கம் இருப்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இதைப் பார்த்த பிறகும் தோழிக்கு என் பதில் மாறவில்லை. அவள் மகனுக்கு ஏழு வயது, நவம்பரில் பிறந்தவன். எங்கள் கிளப்பில் சேர்க்காதே என்றுதான் சொல்கிறேன். வேறு கிளப் பார்ப்பதாக இருந்தால் பதக்க அலமாரியைப் பார்க்க வேண்டாம். ஒரு நாள் காலை அனுமதி வாங்கிக் கடைசி லேன் பக்கம் அரை மணி நேரம் நின்று, அங்குள்ள பிள்ளையிடம் யாராவது எத்தனை முறை குனிந்து பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார். லேனில் எத்தனை தலை என்று எண்ணு. ஆறு பேருக்கு மேல் இருந்தால் திரும்பி வந்துவிடு.

"அப்படியானால் நீங்கள் ஏன் மாற்றவில்லை, அக்கா?" என்றாள். மாற்றலாம் என்று மகளிடம் சொன்னேன். சனிக்கிழமை இருக்கிறதே என்றாள். அடுத்த மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.

அடுத்த போட்டிக்கு 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் பெயர் கொடுத்திருக்கிறோம். தகுதி நீக்கமான நீச்சலின் நேரம் எங்கேயும் பதிவாகாது. ஆகவே படிவத்தில் பழைய 1:36.8-தான் எழுதினோம். அவளுக்கு மறுபடியும் ஓர லேன்தான் கிடைக்கும்.