ப்ரோக்ரஸிவ் கண்ணாடி: பதினான்கு மாதக் கணக்கு

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் இரண்டு புடவையும் ஒரு ப்ரோக்ரஸிவ் கண்ணாடியும் வாங்கினேன். புடவைகள் சாயம் போகாமல் நன்றாக இருக்கின்றன. கண்ணாடியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் ‘காசைக் கரியாக்காதீர்கள்’ என்று நான்கு வரியில் முடித்திருப்பேன். இப்போது அப்படி ஒரேயடியாகச் சொல்ல மனசு வரவில்லை.

எனக்கு வயது 47. வீடு மேற்கு மாம்பலம், வேலை தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். நாள் முழுக்க ஒரு கண் பில்லில், ஒரு கண் கம்ப்யூட்டரில். 42 வயதில் வெள்ளெழுத்து வந்தது. எங்கள் பாட்டி அதைச் சாளேசரம் என்பாள். அன்றிலிருந்து படிப்பதற்கு ஒரு கண்ணாடி, சங்கிலி கோத்துக் கழுத்தில் தொங்கும். போன வருடம் தூரப் பார்வைக்கும் பவர் வந்துவிட்டது. தூரத்துக்கு +0.75, இடது கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்), கிட்டத்தில் படிக்க அதன் மேல் இன்னொரு 1.75. இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுவானேன், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார் கடைக்காரர். ஃப்ரேமும் லென்ஸுமாக 14,500 ரூபாய்.

அப்பா போட்டிருந்தது பைஃபோகல். கீழே பிறை மாதிரி ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே தெரு, கோட்டுக்குக் கீழே பேப்பர். ப்ரோக்ரஸிவில் கோடு கிடையாது. மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர், அடியில் படிப்பு என்று பவர் மெதுவாக ஏறிக்கொண்டே வரும். 1959-இல் பிரான்சில் பெர்னார் மெத்னாஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய வேரிலக்ஸ் என்ற லென்ஸ் வந்த பிறகுதான் இந்த வகை பரவியது. ஆனால் கோட்டை அழித்ததற்கு ஒரு விலை உண்டு. லென்ஸின் கீழ்ப் பாதியில், இடமும் வலமும் ஓரங்கள் மங்கலாக, கொஞ்சம் வளைந்துதான் தெரியும். அதிக விலை லென்ஸில் அந்த மங்கலை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்களே தவிர, இல்லாமல் செய்ய முடியாது. கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ‘ரெண்டு நாள்ல பழகிடும் மேடம்’ என்பதோடு சரி.

மறுநாள் காலை வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், நேராக வைத்த வரிசை நடுவில் குழிந்து கிடந்தது. தலையைத் திருப்பினால் புள்ளிகள் எல்லாம் நீந்தின. சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு மாம்பலம் ஸ்டேஷன் வரைதான். நடைமேம்பாலத்தில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்கக் குனிந்து படியைப் பார்த்தேன். லென்ஸின் அடிப் பகுதி ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும் புத்தகத்துக்கானது; படியோ கண்ணிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி இருக்கிறது. கலங்கி, பெரிதாகி, மேலே மிதந்து வந்த மாதிரி இருந்தது. கால் எங்கே போய்த் தட்டும் என்று தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் அப்போதுதான் வந்த ரயிலில் இறங்கிய கூட்டம். ‘ஓரமா நில்லுக்கா, வழில நிக்கிறியே’ என்று பூக்கூடையோடு ஒரு அம்மா இடித்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதற்றம் எனக்குப் புதிதில்லை. ஆறேழு வருடம் முன்பு அதற்காக மனநல மருத்துவரிடம் போய், ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டு, அவர் சொல்லித்தான் நிறுத்தினேன். நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, விரல் நுனியில் எறும்பு ஊர்வது எல்லாமே பழைய விருந்தாளிகள். அன்று படியில் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக வந்து இறங்கினார்கள். நின்ற இடத்திலேயே முடிவும் கட்டிவிட்டேன்: மூளையில் கட்டி.

இரவு ஒரு மணி வரை போனில் தேடினேன். தலைசுற்றல் என்று தேடினால் என்னென்ன வரும் என்பது தேடியவர்களுக்குத் தெரியும். ‘கண்ணாடி மாத்தினா யாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும், படு’ என்றார் வீட்டுக்காரர். மறுநாள் தெருமுனை டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், விரலை நகர்த்திக் கண்ணால் தொடரச் சொன்னார், ஒரே கோட்டில் நடக்கவிட்டார். ஒன்றுமில்லை என்றார். அந்த நிம்மதி அரை நாள் தாங்கியது. (கண் திடீரென்று இரட்டையாகத் தெரிந்தாலோ, வாய் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனாலோ அது கண்ணாடிச் சமாச்சாரமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

கண்ணாடியால் தலை சுற்றும். சுற்றினால் பயம் வரும். பயத்தில் மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்குவேன். அப்படி மூச்சு வாங்கினால் கண்ணாடியே இல்லாவிட்டாலும் தலை சுற்றும், விரல் மரக்கும். இதில் எது கண்ணாடியின் வேலை, எது என் வேலை என்று பிரிக்கவே முடியவில்லை. கடைக்குப் போய்ச் சொன்னால் ‘பழகிடும்’. வீட்டில் சொன்னால் ‘நீ ரொம்ப யோசிக்கிற’. இரண்டு பதிலுக்கும் என்னிடம் மறுபேச்சு இல்லை.

பத்தாம் நாள், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கம்பெனிக் கணக்கையும் வைத்து, எது எங்கே ஒத்துப்போகவில்லை என்று பிரித்துப் பார்க்கும் ரீகன்சிலியேஷன் போட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது. இதையே எனக்கும் போட்டால் என்ன? ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு கிழித்தேன். இடப் பக்கம் ‘கண்ணாடி’, வலப் பக்கம் ‘நான்’, எதிலும் சேராதது ‘சஸ்பென்ஸ்’. தலை சுற்றினால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு நிமிடம் பார்ப்பேன். நின்றுவிட்டால் கண்ணாடி. நிற்காமல் நெஞ்சும் படபடத்தால் நான். நேரமும் இடமும் எழுத வேண்டும்.

முதல் மூன்று நாள் எல்லாமே சஸ்பென்ஸில்தான் விழுந்தது. பிறகு தெளிய ஆரம்பித்தது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி நெருங்க நெருங்க வலப் பக்கம் நிரம்பியது. அதற்குக் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இடப் பக்கத்தில் எதிர்பாராத ஒன்று: பில் படிக்கும்போதெல்லாம் கண்ணாடியை விரலால் மேலே தூக்கியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த முதல் ஒரு மணி நேரம் இன்னும் மோசம். இரண்டு கண்ணாலும் படித்தால் எழுத்து நிழலடித்தது. ஒரு கண்ணை மூடினால் தெளிவு, அதுவும் தலையைக் கொஞ்சம் திருப்பினால்தான். பதற்றம் ஒரு கண்ணுக்கு மட்டும் வராதே?

அந்த நோட்டோடு எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனேன். 1819-இல் தொடங்கியது, செங்கல் கட்டடத்தைப் பார்த்தாலே வயது தெரியும். காலையிலேயே போய்விட வேண்டும். சொட்டு மருந்து விட்டு விழித்திரை வரை பார்த்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை, சீட்டில் எழுதிய பவரும் சரி. அப்படியானால் லென்ஸ் பொருத்தியதில்தான் ஏதோ என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வேறொரு கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி அளவெடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண்ணிடம் போனேன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

அவள் பவரைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடியை விளக்கில் சாய்த்துப் பிடித்து, ‘இங்க பாருங்க மேடம்’ என்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும், தண்ணீர்த் துளி காய்ந்த தடம் போல இரண்டு பொடி வட்டங்கள் லென்ஸுக்குள் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவே 34 மில்லிமீட்டர். அவற்றை ஓர் அட்டையில் இருந்த வட்டங்களோடு பொருத்தி வைத்து, மார்க்கரால் லென்ஸ் மேல் ஒரு கூட்டல் குறி போட்டாள். அடுத்த லென்ஸுக்கும் அப்படியே. நேராகப் பார்க்கும்போது கருமணி அந்தக் குறிக்குப் பின்னால் இருக்க வேண்டுமாம். மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு குறியும் கருமணியை விட்டுக் கீழே இறங்கி நின்றன. அளந்தாள்: 4 மில்லிமீட்டர். அதனால்தான் படிக்கிற பகுதி கண்ணுக்கு எட்டாமல் விரலால் தூக்கியிருக்கிறேன். வியர்வையில் மூக்கில் வழுக்கினால் இன்னும் கீழே போய்விடும்.

அதோடு முடியவில்லை. மூக்கின் நடுவிலிருந்து என் வலது கண் 29.5 மில்லிமீட்டரில் இருக்கிறது, இடது கண் 32.5-இல். முதல் கடையில் மொத்தம் 62 என்று அளந்து, சரிபாதியாக 31, 31 என்று போட்டுவிட்டார்கள். படிக்கிற பகுதி குறுகலானது. ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே இரண்டு கண்ணும் ஒன்றாக அதற்குள் நுழையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் இல்லை, இரண்டு வாரமாக என் தலைக்குள் தேடியது லென்ஸில் இருந்ததே என்று. அவள் ஒரு டிஷ்யூவை நகர்த்திவிட்டு ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அளவுச் சீட்டைப் பார்த்ததும் முதல் கடையில் மறுபேச்சில்லாமல் லென்ஸை மாற்றித் தந்தார்கள். பல லென்ஸ் கம்பெனிகள் பழக்கமாகாவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றித் தரும் உத்தரவாதம் தருகின்றன. வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஃப்ரேமை மூக்கிலும் காதிலும் சரியாக உட்கார வைத்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். எனக்கு அளவெடுத்தபோது அந்தப் பையன் ஃப்ரேமை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

புது லென்ஸ் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. தரை நீந்துவது தொடர்ந்தது. தலையைத் திருப்பும்போது கண் எதிர்ப்பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. லென்ஸில் இடத்துக்கு இடம் உருவம் பெரிதும் சிறிதுமாகத் தெரிந்தால் அந்தக் கணக்கு தப்பும். மூளை திரும்பக் கற்க வேண்டும். நடுவில் பழைய கண்ணாடிக்குத் தாவினால் கற்றது போச்சு. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ‘எதைப் பாக்கணுமோ அதுக்கு மூக்கைக் காட்டுங்க, கண்ணை ஓரத்துக்கு ஓட்டாதீங்க’ என்று அந்தப் பெண் சொன்னது நன்றாக உதவியது. படி இறங்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்து, லென்ஸின் மேல் பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். 2023-இல் திறந்த மாம்பலம் ஸ்கைவாக் என்ற உயர நடைபாதை அரை கிலோமீட்டருக்கு மேல் சமதளம். சாயங்காலம் அதில் போய் வருவேன். ஒன்பதாம் நாள் நோட்டில் இடப் பக்கம் காலி. மூன்று வாரம் ஸ்கூட்டரைத் தொடவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வலப் பக்கம் அவ்வளவு சுலபத்தில் காலியாகவில்லை. பழைய மருத்துவரிடம் மறுபடி இரண்டு முறை போனேன். மூச்சை மெதுவாக வெளியே விடும் பயிற்சியைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார், இரவில் போனில் தேடுவதை நிறுத்தச் சொன்னார். முதலாவது முடிந்தது.

இப்போது? தெருவுக்கு, கடைக்கு, பஸ் போர்டுக்கு, போனுக்கு இந்தக் கண்ணாடியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு மட்டும் தோற்றுவிட்டது. எட்டு மணி நேரம் நடுப் பகுதி வழியாகப் பார்க்கத் தாடையை ஏற்றி ஏற்றிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஸ்கிரீனுக்கென்று தனியாக 3,200 ரூபாயில் ஒரு கண்ணாடி செய்து மேஜையிலேயே வைத்துவிட்டேன். ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். படுத்துக்கொண்டு டிவி பார்ப்பதும் ஆகாது. தலையணையில் சாய்ந்தால் கண் படிக்கிற பகுதிக்கு இறங்கிவிடுகிறது. ஹெல்மெட் மாட்டும்போது காதுக் கம்பி விரிந்து ஃப்ரேம் தளர்கிறது. அதனால் மாதம் ஒரு முறை கடையில் இறுக்கிக்கொள்கிறேன், காசு கேட்பதில்லை. ஏப்ரல், மே வெயிலில் வழுக்காமல் இருக்க மூக்கில் சிலிக்கான் பட்டை போட்டாயிற்று.

அடுத்த மாதம் பவர் பார்க்கப் போக வேண்டும். படிக்கிற பவர் 1.75-இலிருந்து 2.00 ஆகலாம் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருக்கிறாள். நோட்டில் இரண்டு பக்கம்தான் பாக்கி. வரும்போது இன்னொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்காரரிடம்.