டெனான் ஊசிக்கு எத்தனை ஓம்? நூறும் முந்நூற்றுத் தொண்ணூறும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு டர்ன்டேபிளில் இருப்பது டெனான் டிஎல்-103. 1960-களில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக உருவான மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் இது, அதாவது ஊசியோடு சேர்ந்து சின்னக் கம்பிச்சுருள் (காயில்) அசைந்து சிக்னல் உண்டாக்கும் ரகம். காயிலின் மின்தடை 40 ஓம், வெளியே தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். காயிலுக்குப் பதில் காந்தம் அசையும் மூவிங் மேக்னட் என்றால் 47 கிலோ ஓம் லோடு என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடலாம். லோடு என்பது ஊசியின் சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும் மின்தடை. இதற்கு அது எத்தனை ஓம் என்பதில்தான் சண்டையே.

கம்பெனி சொல்வது குறைந்தது 100 ஓம். ஆடியோக்காரர்களின் கைக்கணக்கு காயிலைப் போல் பத்து மடங்கு, அதாவது 400. கடையில் கிடைப்பது 390. ரிச்சி தெருவில் 100, 390 இரண்டு ரெசிஸ்டர்களையும் வாங்கிவந்து, பிரீஆம்பில் மாட்டும் பிளக்குகளில் சால்டர் வைத்தேன்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய நாதஸ்வர ரெக்கார்டைத்தான் சுழல விட்டேன். 100 ஓமில் தவில் அடங்கிப்போனது. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, தவுலு மேல போர்வ போத்துன மாதிரி கீது?" என்றான். நானும் தலையாட்டினேன். ஆனால் கணக்குப் போட்டால் கதை வேறு. 40 ஓம் காயிலுக்கு 100 ஓம் லோடு வைத்தால் சத்தம் கிட்டத்தட்ட 2.9 டெசிபெல் இறங்கும். 390-இல் இறக்கம் 0.85-தான். அந்த 2 டெசிபெல்லைத்தான் போர்வை என்கிறோம். வால்யூமைச் சரிக்கட்டி மறுபடி வைத்தேன். போர்வையில் முக்கால்வாசி காணோம்.

மிச்சம் கால்வாசிக்குக் காரணம் நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. காயிலின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து அங்கே ஒரு ரெசனன்ஸ், அதாவது ஒரு அதிர்வெண்ணில் மட்டும் சிக்னல் எகிறும் மேடு, உண்டாக்கும். லோடு குறைந்தால் அது அடங்கும், 47 கிலோ ஓமில் திமிறும். அதைத் தாங்காத பிரீஆம்ப் என்றால் கீறல் சத்தம்கூடப் பட்டாசாக வெடிக்கும். என் பிரீஆம்ப் அந்த ரகம்தான், 47 கிலோவில் சீவாளி காதைக் குத்தியது. நல்ல பிரீஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்தப் புகாரே இருக்காது. 1000 ஓமும் போட்டுப் பார்த்தேன். 390-க்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, பொய் சொல்வானேன்.

பிரீஆம்புக்கு முன்னால் வோல்டேஜை ஏற்றித்தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவர்களுக்கு இந்த வேலை பாதி மிச்சம். பத்து மடங்கு ஏற்றும் 1:10 என்றால் மின்தடை நூறில் ஒன்றாகத் தெரியும், அதனால் 47 கிலோ ஓமே கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். விலைதான் கையைக் கடிக்கும்.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் நிறப் பட்டைகளில் மூன்றாவதன் கறுப்பைப் பழுப்பு என்று நினைத்து, 390-க்குப் பதில் 39 ஓமை வைத்துவிட்டேன். சிக்னல் பாதியாகிவிட்டது, 6 டெசிபெல் காலி. ஒரு மணி நேரம் ஊசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

இப்போது 390-தான் மாட்டியிருக்கிறது. 100 ஓம் பிளக்கையும் எறியவில்லை, ரொம்பக் கீறல் விழுந்த மூர் மார்க்கெட் தட்டுகளுக்கு அதுதான் லாயக்கு.