கும்பகோணம் வாடகை நூலகத்தில் சுவீடன் துப்பறியும் நாவல்கள்

மகாமகக் குளம் பக்கமுள்ள இந்த நூலகத்தில் சுவீடன் நாவல்களுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஷோவால்–வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய மார்ட்டின் பெக் என்ற துப்பறியும் போலீஸ்காரரின் நாவல்கள் பத்தும் கிடைப்பது பெரிய விஷயம். முதல் நாவலில் இறந்தவர் யாரென்று தெரியவே மாதக்கணக்காகிறது. வேகத்தை எதிர்பார்ப்பவர்கள் பாதியில் திருப்பிக் கொடுப்பது அதனால்தான். பொறுத்துப் படியுங்கள், அந்த நிதானம்தான் அருமை.

அடுக்கியிருக்கும் முறைதான் சரியில்லை. மேன்கெல் என்ற எழுத்தாளரின், வாலாண்டர் என்ற துப்பறியும் போலீஸ்காரர் வரும் நாவல் வரிசையை ஆங்கிலத்தில் வெளியான ஆண்டுப்படி வைத்திருக்கிறார்கள். 1992இல் எழுதிய இரண்டாம் நாவல் ஆங்கிலத்தில் 2001இல் வந்தது; 1995இன் ஐந்தாம் நாவலோ 1999இலேயே வந்துவிட்டது. அப்படியே எடுத்தால் வாலாண்டரின் குடும்பக் கதை முன்பின்னாகும். காப்புரிமைப் பக்கத்தில் மூல ஆண்டைப் பார்த்து எடுங்கள். லார்சன் என்ற இன்னொரு எழுத்தாளரின் புத்தகங்கள் தடிமனானவை, ஒரு வாரத் தவணை போதாது.