பனிமலை நடைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கடந்த ஜனவரியில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த நாங்கள் எட்டுப் பேர், இராமநாதபுரத்தில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்தும் ஒருவரிடம் ஆளுக்கு 24,500 ரூபாய் வீதம் 1,96,000 ரூபாய் கட்டி, உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குச் சென்று, பேசிய எதுவும் கிடைக்காமல், உயிருக்கும் பயந்து திரும்பி வந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அடுத்த குளிர்காலத்திற்கு அவர் இப்போதே ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதால், நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேதார்காந்தா ஏறத்தாழ 12,500 அடி உயரமுள்ள சிகரம். குளிர்காலத்திலும் ஏற முடிகிற மலை என்பதால் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் அங்கே போகிறது. எங்கள் ஏற்பாட்டாளர் விற்றது அந்தக் கூட்டம் போகும் பாதையை அல்ல. ஸ்னோஷூ அணிந்துகொண்டு ஆளரவமற்ற மலைமுகட்டின் மீது நடந்தபடியே சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் ஆகிய சிகரங்களை நாள் முழுவதும் பார்க்கலாம் என்றும், அது 'நூறு சதவீதம் பாதுகாப்பான' பாதை என்றும் சொன்னார். ஸ்னோஷூ என்பது காலணிக்குக் கீழே கட்டிக்கொள்ளும், முறம் போன்ற அகன்ற சட்டம். உடல் எடையை அது பரப்பிவிடுவதால் முழங்கால் வரை புதைய வேண்டிய இளம்பனியிலும் மேலாக நடக்கலாம். வழிகாட்டி யார், அவர் எங்கே பயிற்சி பெற்றவர் என்று என் மைத்துனர் கேட்டபோது, "அண்ணே, நம்ம ஊர்க்காரன நம்பாம யாரை நம்பப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே தேநீர் வரவழைத்தார். அந்தத் தேநீரோடு எங்கள் கேள்வியும் இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டேராடூனில் இறங்கியபோதுதான், அவர் எங்களை அங்குள்ள வேறொரு ஏற்பாட்டாளரிடம் மிகக் குறைந்த தொகைக்குக் கைமாற்றிவிட்டது தெரிந்தது. அன்று ஏறத்தாழ பத்து மணி நேரம் மலைச்சாலையில் பயணம். அந்த மலை கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்திற்குள் இருப்பதால், வழியில் நைட்வாரில் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று என்று அவர் சொல்லியிருந்தார். சாவடிப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இல்லை, கட்டணத்தை நாங்களே கட்டினோம். சாங்க்ரி கிராமத்தில் ஸ்னோஷூவைக் கேட்டபோது, ரப்பர் பட்டையில் இரும்பு முட்கள் கோத்த, காலணிக்கு மேல் மாட்டும் சாதனம் ஒன்றைக் கொடுத்தார்கள். இறுகிய பனியில் வழுக்காமல் இருக்க அது உதவும்; புதைபனியில் அதனால் ஒரு பயனும் இல்லை. தொலைபேசியில் நம் ஊர்க்காரரைப் பிடித்துக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஊரில் அண்ணனாக இருந்த நாங்கள் அங்கே சாராகிவிட்டிருந்தோம்.

இதுவரை நடந்தது பண ஏமாற்று. அதற்குப் பிறகு நடந்ததை அப்படிச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இரண்டு நாள் விடாமல் பனி பெய்து, மூன்றாம் நாள் காலை வானம் பளிச்சென்று வெளுத்தது. இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரை வழிகாட்டி என்று அனுப்பியிருந்தார்கள். முகட்டுக் காட்சி வேண்டும் என்று எங்கள் சீட்டில் எழுதியிருந்ததால், வழக்கமான தடத்தை விட்டு விலகி, ஒரு முகட்டின் அடியில் மரமே இல்லாத சரிவின் குறுக்காக அவர் எங்களை நடத்திச் சென்றார். மேலே முகட்டின் விளிம்பில், காற்று கொண்டுவந்து குவித்த பனி கூரைச் சார்ப்புப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நான் படம் எடுத்தேன். சற்று நேரத்தில் காலுக்கடியில் 'தொம்' என்று, கோணிமூட்டை ஒன்று கீழே விழுந்தது போன்ற சத்தம் கேட்டது. பனியில் ஒரு கீறல் எனக்கு முன்னால் நான்கைந்து முழம் ஓடி நின்றது.

எங்களோடு சுமை தூக்கி வந்த பெரியவர் கையை உயர்த்தி அனைவரையும் நிறுத்தினார். எங்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு மட்டுமே இந்தி தெரியும். அவர் வழியாகத்தான் பெரியவர் பேசியது எங்களுக்குப் புரிந்தது. முதலில் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, வந்த தடத்திலேயே மரங்களுக்குள் திரும்பச் செய்தார். அங்கே கைத்தடியால் முழ ஆழத்திற்குப் பனியைக் குடைந்து, மேற்பனியை ஒரு கையிலும் அடிப்பனியை மறு கையிலும் எடுத்துப் பிசைந்து காட்டினார். மேற்பனி கொழுக்கட்டை மாவு போல உருண்டது. அடிப்பனி வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பைப் போல விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த உதிரிப் படுகை எங்கள் எடையால் நொறுங்கி அமுங்கியதுதான் நாங்கள் கேட்ட சத்தம். சரிவு இன்னும் கொஞ்சம் செங்குத்தாக இருந்திருந்தால் மேலிருந்த பனி முழுவதும் பாளமாகப் பெயர்ந்து எங்களோடு இறங்கியிருக்கும்.

பனிச்சரிவில் புதைந்தவரை ஏறத்தாழ பதினைந்து நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்கு ஒவ்வொருவர் உடலிலும் இருப்பிடம் காட்டும் அலைக்கருவியும், குழுவிடம் நீளமான துழாவுகோலும் மண்வாரியும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. அதே உத்தரகாசி மாவட்டத்தில்தான் 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்த குழுவே பனிச்சரிவில் சிக்கி, 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால் கடற்கரையிலிருந்து போன நாங்கள் எந்த மூலைக்கு?

வானிலை சரியில்லை என்று மீன்வளத் துறை டோக்கன் கொடுக்காத நாளில் நம் ஊரில் விசைப்படகு இறங்காது. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் அதன் எண்ணைப் பார்த்துப் பேசுவதற்குப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பனிமலைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ., குளிர்காலத்தில் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆபத்தின் அளவு ஒன்று முதல் ஐந்து வரை. முன்பணம் கேட்பவரிடம், புறப்படும் நாளில் அந்த அறிக்கையைப் பார்ப்பது யார், எந்த அளவுக்கு மேல் போனால் நடையை ரத்து செய்வீர்கள், பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். பாதையின் பெயரைக் கேட்டால் போதாது. சரிவு எத்தனை பாகை என்று கேளுங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. ஸ்னோஷூ நடைக்கு அதைவிடச் சாய்வு குறைந்த, அடர்ந்த மரங்களுக்கு இடையிலான பாதைகளும், மேலே செங்குத்துச் சரிவு தொங்காத அகன்ற முகடுகளும்தான் ஏற்றவை. நடக்கும் இடம் சமதளமாகவே இருந்தாலும், தலைக்கு மேலே நிற்கும் சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓடைப் பள்ளங்களில் மேலிருந்து வரும் பனியெல்லாம் வந்து குவியும். பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் வானம் எவ்வளவு தெளிந்திருந்தாலும் சரிவுகளை விட்டு ஒதுங்கியிருப்பதே முறை; எங்களை அன்றுதான் கூட்டிப் போனார்கள்.

விளம்பரத் தாளில் 'கேதார்காந்தா முகட்டுக் காட்சி' என்று அச்சிட்டிருந்த அந்தக் கூம்பு மலையை, ஊர் திரும்பிய பின் என் மகள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொன்னாள். அது சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மேட்டர்ஹார்ன். இராமநாதபுரத்தில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்ததில் பெரிய தவறில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மலையில் பனி பெய்தால் நான் என்ன செய்வேன் என்றார். காப்பீடும் கட்டணத்தில் அடக்கம் என்று சொல்லியிருந்தாரே, அதன் எண்ணைக் கொடுங்கள் என்றோம், இன்றுவரை வரவில்லை. ரசீது வாங்காமல் அவருடைய சொந்தக் கணக்கிற்கு கூகுள் பே வழியாக அனுப்பியது எங்கள் தவறு. ஆயினும் அந்தப் பரிவர்த்தனைப் பதிவும், 'ஸ்னோஷூ உண்டு' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவும்தான் இப்போது எங்கள் கையில் உள்ள சான்றுகள். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம். இதேபோல் ஏமாந்த வேறு எவரேனும் இந்தக் கரையில் இருந்தால், கைபேசியை மாற்றும்போது அந்த உரையாடல்களை அழித்துவிட வேண்டாம். குரல்பதிவுகளைத் தனியாகப் படியெடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள்.