கணவரிடம் சொல்வது: வீட்டிலா, நம்பிக்கை மையத்திலா?

கர்ப்பப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்ததும், பென்னாகரம், அரூர் பக்கத்துப் பெண்களுக்கு வரும் குழப்பம் இது: கணவரிடம் வீட்டில் சொல்வதா, நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) வைத்துச் சொல்வதா? எங்கே சொன்னாலும் சரி, மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5 சதவீதத்துக்கும் கீழே.

ரகசியம்
வீடு: குரல் கொஞ்சம் உயர்ந்தாலே மாமியார் காதில் விழும்.
மையம்: மூடிய அறை. 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் ஆலோசகர் ஊராரிடமோ உறவினரிடமோ சொல்லக் கூடாது. கணவர் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு உண்டு. அடி விழும், கைவிடுவார் என்ற நியாயமான பயம் இருந்தால் அவரிடமும் சொல்லக் கூடாது. அந்தப் பயத்தை ஆலோசகரிடம் மறைக்காதீர்கள்.

"யாரால் வந்தது?"
வீடு: பழி பெரும்பாலும் பெண் தலையில்தான். முதலில் பரிசோதனை செய்துகொண்டவருக்கு முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். அதை நீங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?
மையம்: அதையே ஆலோசகர் சொன்னால் எடுபடும். கணவருக்கும் அங்கேயே இலவசப் பரிசோதனை.

செலவு
வீடு: ஒன்றுமில்லை.
மையம்: பஸ் காசு, ஒரு நாள் கூலி. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவரை வரவழைப்பதுதான் பெரும்பாடு.

கணவர் பொறுமைசாலி, தனியாகப் பேச இடமும் உண்டு என்றால் வீடு போதும். கோபக்காரர், கூட்டுக் குடும்பம் என்றால் என் ஓட்டு மையத்துக்கே. கைநீட்டுபவர் என்றால் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணில் பேசுங்கள்.