முத்துப்பேட்டை படகுச் சவாரி: பறவையைக் கிளப்பாத படகோட்டி

போன தை மாதம் மன்னார்குடியிலிருந்து அக்கா குடும்பத்தோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனோம். ஜாம்பவானோடையில் படகு ஏறினோம். தொகை, நேரம் எல்லாம் முன்பே பேசியாகிவிட்டது, அதில் குறையில்லை.

படகோட்டி அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டும்வரை அவர் கயிற்றையே அவிழ்க்கவில்லை. அத்தான், "புழுக்கமா இருக்குப்பா" என்று கழற்றப் பார்த்தார். "அப்ப கரையிலயே உக்காந்திருங்க சார்" என்று பதில் வந்தது. அத்தான் வாயைத் திறக்கவில்லை.

காயலில் பறவைக் கூட்டம் தெரிந்ததுமே இன்ஜினை நிறுத்திவிட்டார். அக்கா மகன் கை தட்டப் போனான். "தம்பி, அதுங்க இரை எடுக்குற நேரம். கிளப்பி விட்டா பசியோட பறக்கும்" என்றார். சேற்றில் குச்சி குச்சியாக நின்ற வேர்களின் மேல் இறங்கிப் படம் எடுக்கவும் விடவில்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது, மரம் மூச்சு விடுவதே அந்த வேர்களால்தானாம்.

சில வருடங்களுக்கு முன் கோடியக்கரையில் ஒரு வாடகை வண்டிக்காரர் ஹாரன் அடித்து வெளிமான்களை ஓடவிட்டுக் காட்டினார். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சர் பட்டியலில் 2002இலிருந்து இருக்கிற இடம் அது! அன்று நாங்களும் சிரித்துக்கொண்டு படம் எடுத்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே குறை, சின்னப் பிள்ளைகள் அளவுக்கு ஜாக்கெட் இல்லை. பாப்பாவுக்குத் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அப்புறம், தண்ணீரும் தொப்பியும் நீங்களே கொண்டு போங்கள்.